அறைக்கு ரசீது, பல்லுக்கு எஃப்.ஐ.ஆர்.

வாசலில் வண்டி நிறுத்துவதில் தகராறு. வாய்ப்பேச்சு முற்றி, எதிர்வீட்டுக்காரர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டுவிடுகிறார். கன்னம் சிவந்து வீங்கியிருக்கிறது, ரத்தம் இல்லை. அறை வாங்கியவர் நேராகக் காவல் நிலையம் போகிறார். ஸ்டேஷன் ரைட்டர் விவரம் கேட்டு, மனு எழுதி வாங்கிக்கொண்டு, சி.எஸ்.ஆர். (சமுதாயப் பணிப் பதிவேடு) எண் போட்ட ஒரு ரசீதைக் கையில் கொடுக்கிறார். “எஃப்.ஐ.ஆர். போடலையா சார்?” என்று கேட்டால், “அவரையும் கூப்பிட்டு விசாரிக்கிறோம், போயிட்டு வாங்க” என்று பதில் வரும்.

அதே அறையில் ஒரு பல் விழுந்திருந்தால் நிலைமையே வேறு. ரைட்டர் ரசீதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல் புலனாய்வைத் தொடங்கலாம். தேவைப்பட்டால் பிடியாணை இல்லாமலே எதிர்வீட்டுக்காரரைக் கைது செய்யலாம். அடித்த கை ஒன்றுதான், கோபமும் ஒன்றுதான். நடுவில் வந்தது ஒரு பல்.

வெறும் அறை என்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவில் வருகிற சாதாரணக் காயம். ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கொடுங்காயம் எது என்பதை 116-வது பிரிவு எட்டு வகையாகப் பட்டியல் போடுகிறது. ஒரு கண்ணின் பார்வையை நிரந்தரமாக இழப்பது, ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போவது, முகம் நிரந்தரமாக விகாரப்படுவது என்று போகிற அந்தப் பயங்கர வரிசையில் ஏழாவதாக, எலும்போ பல்லோ முறிவதும் இடம் பெயர்வதும் இருக்கின்றன. பல் அங்கே இடம்பிடித்துவிட்டதால் தண்டனை ஏழாண்டு வரை ஏறுகிறது. ஆகவே, அரசு மருத்துவமனையில் டூட்டி டாக்டர் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) புத்தகத்தில் எழுதுகிற இரண்டு வரிதான் போலீசுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதைப் பல அடிதடிகளில் தீர்மானிக்கிறது. காயம் பட்டவருக்கு இது தெரிவதில்லை. “ஒண்ணுமில்லை, லேசா வீக்கம்தான்” என்று டாக்டரிடம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, ஸ்டேஷனில் போய் ஏன் வழக்கு பதியவில்லை என்று சண்டை போடுவார்.

முதல் வகை நான்-காக்னிசபிள்; இரண்டாவது காக்னிசபிள். சட்டத் தமிழில் பிடியாணை வேண்டும் குற்றம், பிடியாணை வேண்டாக் குற்றம் என்று எழுதுவார்கள். நீதிமன்ற வளாகத்தில் வக்கீலிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோரும் காக்னிசபிள் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

எது எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அட்டவணையைப் பார்ப்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கடைசியில் முதல் அட்டவணை இருக்கிறது. அதில் ஆறு கட்டங்கள். பிரிவு எண், குற்றம், தண்டனை, பிறகு நான்காவது கட்டத்தில் காக்னிசபிளா இல்லையா, ஐந்தாவதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்குமா, ஆறாவதில் எந்த நீதிமன்றம் விசாரிக்கும். பெரிய பெரிய வழக்குகள் எல்லாம் இந்த நான்காவது கட்டத்தில் இருக்கும் ஒற்றைச் சொல்லை முட்டித் திரும்பியிருக்கின்றன.

சின்னக் குற்றம் என்றால் நான்-காக்னிசபிள், பெரிய குற்றம் என்றால் காக்னிசபிள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். சட்டக் கையேடுகளிலும் அப்படித்தான் இருக்கும். பொதுவாகப் பார்த்தால் தப்பில்லை. கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை, கடத்தல் எல்லாம் காக்னிசபிள்தான். ஆனால் அட்டவணையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இந்தச் சுருக்கம் உதவாது என்று தெரிந்துவிடும்.

நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவு: பொது வழியில் இடையூறு ஏற்படுத்துவது. இதற்குச் சிறையே கிடையாது. 5,000 ரூபாய் வரை அபராதம் மட்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் அபராதம் வெறும் 200 ரூபாய்தான். ஆனாலும் அன்றும் இன்றும் காக்னிசபிள். நடைபாதையில் கடை போட்டவரைப் போலீஸ் பிடியாணை இல்லாமல் பிடிக்கலாம். 338-வது பிரிவு: உயில், பத்திரம், மதிப்புமிக்க ஆவணங்களைப் போலியாகத் தயாரிப்பது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். அட்டவணையில் அதற்கு எதிரே இருப்பது நான்-காக்னிசபிள். சட்டப்படி கல்யாணம் ஆகிவிட்டதாக ஒரு பெண்ணை நம்பவைத்து ஏமாற்றிக் குடும்பம் நடத்துவது 81-வது பிரிவு. பத்தாண்டு வரை சிறை, நான்-காக்னிசபிள். முதல் தாரம் இருக்க இரண்டாம் கல்யாணம் செய்வது ஏழாண்டு, நான்-காக்னிசபிள். நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்வது ஏழாண்டு, அதுவும் நான்-காக்னிசபிள்.

ஆக, குற்றத்தின் பாரத்தை அளப்பது மூன்றாவது கட்டத்தின் வேலை. நான்காவது கட்டம் கேட்கிற கேள்வி வேறு: இந்த விஷயத்தில் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் யார்? போலீஸ் தானாக இறங்கலாமா, அல்லது மாஜிஸ்திரேட்டின் வார்த்தைக்குக் காத்திருக்க வேண்டுமா?

இப்படிப் பார்த்தால் அந்த முரண்கள் பெரும்பாலும் விளங்கிவிடும். வழியை மறித்து நிற்கிற வண்டியை அப்போதே எடுக்கவைக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டிடம் போய் உத்தரவு வாங்கி வருவதற்குள் ஊர்வலமே முடிந்திருக்கும். பொய்ச்சாட்சிக்கு இந்த அவசரம் இல்லை. பொய் சொன்னாரா என்பது அதைக் கேட்ட நீதிமன்றத்துக்குத்தான் தெரியும். அந்த நீதிமன்றமே புகார் கொடுத்தால்தான் வழக்கு என்று நடைமுறைச் சட்டம் தனியாக ஒரு பூட்டும் போட்டிருக்கிறது. இரண்டாம் கல்யாண விவகாரத்தில் பாதிக்கப்பட்ட துணைவரோ அவர் சார்பில் நெருங்கிய உறவினரோ புகார் கொடுக்க வேண்டும். அவதூறும் அப்படித்தான், மானம் போனவர் நீதிமன்றம் போகலாம், போலீஸ் குறுக்கே வர வேண்டியதில்லை. போலிப் பத்திரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சொத்துத் தகராறு இருக்கும். அதில் போலீஸ் ஒரு தரப்பின் கையாளாகிவிடும் அபாயம் கூடவே இருக்கும். போலிப் பத்திரத்தை வைத்து ஏமாற்றுவதும், போலி என்று தெரிந்தே அசல்போல் பயன்படுத்துவதும் தனிக் குற்றங்கள், அவை காக்னிசபிள். எழுதியபோது வராத போலீஸ், நீட்டியபோது வரும்.

இந்த ஏற்பாடு புதிதாக வந்ததில்லை. 1861-ல் வந்த முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இப்படி ஓர் அட்டவணை உண்டு. எந்தெந்தக் குற்றத்துக்குப் போலீஸ் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம் என்று அதில் குறித்திருந்தார்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் அதே 1861 சட்டத்தில் வந்ததுதான். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அதை எழுதியவர்களுக்குத் தாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த போலீசின் மேலேயே எவ்வளவு சந்தேகம் இருந்தது என்று புரியும்.

சந்தேகத்துக்குக் காரணம் நம் ஊரிலேயே இருந்தது. அதற்கு ஆறு ஆண்டு முன்பு, 1855-ல், சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்த ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்திருந்தது. வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்களின் கையில் இருந்த காலம். விரல்களை மரக்கட்டைக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் என்று தமிழ்ப் பெயர்களோடே அந்தக் கொடுமைகள் ஆங்கில அறிக்கையில் ஏறின. 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861-ல் நாடு முழுவதற்கும் போலீஸ் சட்டமும் நடைமுறைச் சட்டமும் வந்தன. 1872, 1882, 1898, 1973, 2023 என்று நடைமுறைச் சட்டத்தை எத்தனையோ தடவை புதிதாக எழுதினார்கள். பிரித்து வைக்கிற வழக்கம் மட்டும் போகவே இல்லை. இலங்கையின் 1979-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், மலேசியா, சிங்கப்பூர் சட்டங்களிலும் இதே குடும்பத்து அட்டவணையைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி போனது. கடுங்குற்றம், சிறுகுற்றம் என்ற பழைய பிரிவினையை 1967-ல் கைவிட்டார்கள். 2006 முதல் எந்தக் குற்றத்துக்கும் போலீஸ் கைது செய்யலாம், ஆனால் கைது ஏன் அவசியம் என்று காரணம் காட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

இனி அறை வாங்கியவரிடம் திரும்புவோம். நான்-காக்னிசபிள் புகாரோடு வருபவரைப் போலீஸ் என்ன செய்ய வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு சொல்கிறது. புகாரின் சாரத்தை அதற்கான புத்தகத்தில் எழுத வேண்டும். புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். இப்படி வந்த புகார்களின் விவரத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இது 2023 சட்டத்தில் புதிதாகச் சேர்ந்தது. அதற்கு மேல் ஓர் அடி வைக்க வேண்டுமானால், அந்தக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரமுள்ள மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். உத்தரவு வந்துவிட்டால் காக்னிசபிள் வழக்கைப் போலவே புலனாய்வு செய்யலாம், கைது மட்டும் பிடியாணை இல்லாமல் முடியாது. உத்தரவு வாங்காமல் புலனாய்வு செய்தால் அந்த எஃப்.ஐ.ஆரை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஹரியானா முன்னாள் முதல்வர் பஜன்லால் சம்பந்தப்பட்ட வழக்கில் எஃப்.ஐ.ஆரை எப்போதெல்லாம் ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த பட்டியலில் இதுவும் ஒன்று.

மாஜிஸ்திரேட்டிடம் போவது சொல்வதற்கு எளிது. புகாரை எழுத வக்கீல் வேண்டும், சாட்சிகளை அழைத்துப் போக வேண்டும், சத்தியப்பிரமாணத்தின் மேல் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். புது நடைமுறைச் சட்டத்தின் 223-வது பிரிவுப்படி, வழக்கைக் கோப்புக்கு எடுப்பதற்கு முன்பே எதிர்வீட்டுக்காரருக்கும் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அன்றாடக் கூலியைத் தொலைத்துவிட்டு ஓர் அறைக்காக நீதிமன்றப் படி ஏறுகிறவர்கள் குறைவு. சி.எஸ்.ஆர். ரசீதும், ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி எழுதி வாங்குவதும் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தன. சட்டப் புத்தகத்தில் இல்லாத சமரசம். ஆனால் தமிழ்நாட்டில் மனுக்களின் பெரும்பாதை அதுதான்.

இன்னொரு பாதையும் உண்டு. அதை ரைட்டர்கள் நன்றாக அறிவார்கள்.

174-வது பிரிவின் நான்காவது உட்பிரிவு சொல்வது இதுதான்: ஒரு சம்பவத்தில் பல குற்றங்கள் சேர்ந்திருந்து, அவற்றில் ஒன்றே ஒன்று காக்னிசபிளாக இருந்தாலும் முழு வழக்கும் காக்னிசபிளாகவே கருதப்படும். ஒரு வண்டியை இழுக்க ஓர் இன்ஜின் போதும் என்கிற கணக்கு. தமிழ்நாட்டு அடிதடி எஃப்.ஐ.ஆர்.களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506 என்ற மூன்று எண்களும் சேர்ந்தே வாயில் வரும். இப்போது அவை 296(பி), 115(2), 351. நாளிதழ்களில் நாம் தினம் படிக்கிற ‘ஆபாசமாகத் திட்டி, கையால் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்ததாக’ என்ற வரி இந்த மூன்று எண்களின் மொழிபெயர்ப்புதான். கையால் தாக்கியது நான்-காக்னிசபிள். மிரட்டல், மத்திய அட்டவணைப்படி நான்-காக்னிசபிள். அதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபாடு உண்டு. மூன்று மாதச் சிறைக்கு மேல் போகாத அந்த முதல் எண், பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லை தரும்படி ஆபாச வார்த்தை பேசியது, அதுதான் காக்னிசபிள்.

அதாவது, அடித்தது போலீசை வரவைக்காது, திட்டியது வரவைக்கும். “என்ன சொல்லித் திட்டினான், வார்த்தையைச் சொல்லுங்க” என்று ரைட்டர் வற்புறுத்திக் கேட்பதன் ரகசியம் இது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிற நல்ல மனிதர் ரசீதோடு வீடு திரும்புவார். சொல்லத் தெரிந்தவர் எஃப்.ஐ.ஆரோடு திரும்புவார். வழியை மறித்தார் என்று ஒரு வரி சேர்த்தாலும் இதே பலன்தான். 126-வது பிரிவு, ஒரு மாதச் சிறை, காக்னிசபிள். தமிழ்நாட்டில் சண்டைக்காரர்கள் எல்லோரும் ஒருவர் தவறாமல் ஆபாசமாகவே பேசுகிறார்கள் என்று எஃப்.ஐ.ஆர்.களை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்தால் பெரிய தவறான முடிவுக்கு வருவார்.

நீதிமன்றங்களுக்கு இந்த வித்தை தெரியாமல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம், வெறும் வசவு ஆபாசம் ஆகாது, அந்த வார்த்தை எது என்பதும் அதனால் மற்றவர்களுக்குத் தொல்லை ஏற்பட்டது என்பதும் தெரிய வேண்டும் என்றது. அதனால் எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் இன்ஜினாக இழுத்த பிரிவு, விசாரணை முடிவில் முதலில் கழன்று விழுகிறது.

இந்த விளையாட்டில் எதிர்ப்பக்கமும் உண்டு. காக்னிசபிள் புகாரையே ரசீதில் அடக்கிவிடுவது. நாட்டின் குற்றப் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் காக்னிசபிள் குற்றங்களின் கணக்காகத்தான் தொகுக்கப்படுகிறது. வெறும் அறை அந்தக் கணக்கில் ஏறாது. எஃப்.ஐ.ஆர். கூடினால் சரகத்தில் குற்றம் கூடியதாகத் தெரியும். கூடாமல் பார்த்துக்கொண்டால் நல்ல பெயர். இதற்கு முற்றுப்புள்ளி வைக்கப் பார்த்த தீர்ப்பு 2013 நவம்பர் 12-ல் வந்தது. மைனர் மகளைக் கடத்திவிட்டார்கள் என்று உத்தரப்பிரதேசத்தில் ஒரு தகப்பனார் கொடுத்த புகாரை ஸ்டேஷனில் பதியாமல் இழுத்தடித்ததில் தொடங்கிய வழக்கு அது. ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். புகாரில் காக்னிசபிள் குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவது போலீசின் விருப்பம் இல்லை, கட்டாயம்; புகார் உண்மையா பொய்யா என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது என்றார்கள். குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், காரணமில்லாமல் பல மாதம் தாமதித்து வந்த புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் விட்டார்கள்; அந்த விசாரணையும் காக்னிசபிள் குற்றம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே.

புது நடைமுறைச் சட்டம் அந்தக் கட்டாயத்தை வைத்துக்கொண்டே ஓரிடத்தில் கொஞ்சம் தளர்த்திவிட்டது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமானால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்கிறது 173(3). நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி ஒரு கவிதையோடு வீடியோ பதிவிட்டதற்காகக் குஜராத்தில் போடப்பட்ட எஃப்.ஐ.ஆரை 2025 மார்ச்சில் ரத்து செய்தபோது, பேச்சும் எழுத்தும் குற்றமாகச் சொல்லப்படும் வழக்குகளில் இந்த வசதியைப் பயன்படுத்துவதே முறை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பேச்சைப் பொறுத்தவரை இது நல்ல காப்பு. ஆனால் இதே 14 நாள், பணம் போன சாமானியரின் நம்பிக்கை மோசடிப் புகாரை ஊறப்போடவும் பயன்படும் என்பதை மறுக்க முடியாது.

காக்னிசபிள் என்றாலே கைது என்று ஊரில் ஒரு பயம் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. கைது செய்யும் அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்யக் காரணம் இருப்பது வேறு என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. 2014-ல் இன்னும் கறாராக, ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று எழுத்தில் காரணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்றது. இப்போது மூன்றாண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயது தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது. நேர்மாறாக, நான்-காக்னிசபிள் என்பதால் போலீஸ் தொடவே முடியாது என்பதும் சரியில்லை. போலீஸ்காரரின் கண்முன்னே அப்படி ஒரு குற்றம் செய்துவிட்டு, கேட்டால் பெயரும் விலாசமும் சொல்ல மறுத்தாலோ பொய் சொன்னாலோ, அவரைப் பிடித்து வைக்கலாம்; பெயர் தெரியும் வரைதான். விலாசத்தைச் சொல்லிவிட்டால் உறுதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும்.

அட்டவணையில் என்னை மிகவும் ஈர்ப்பவை நிபந்தனையோடு இருக்கும் வரிகள். கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவது 85-வது பிரிவு. பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவருடைய ரத்த உறவோ, திருமணம் அல்லது சுவீகாரத்தால் வந்த உறவோ தகவல் கொடுத்தால் காக்னிசபிள். அப்படி உறவினர் யாரும் இல்லாவிட்டால், அரசு அறிவித்த வகையைச் சேர்ந்த ஓர் அரசு ஊழியர் கொடுக்கலாம். தினமும் சுவரைத் தாண்டி அழுகுரல் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரி இந்த வரியில் இல்லை. நடந்த கொடுமை மாறவில்லை. சொன்னவர் யார் என்பதைப் பொறுத்துக் குற்றத்தின் வகை மாறுகிறது.

அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது இன்னொரு வேடிக்கை. பழைய தண்டனைச் சட்டத்தில் 188, இப்போது நியாய சன்ஹிதாவில் 223. அட்டவணையில் காக்னிசபிள். ஆனால் அந்த உத்தரவைப் போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். போராட்டக்காரர்கள் மீது போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர். போட்டு, தானே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் வழக்கத்தை 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் காரணத்தால் கண்டித்தது. போலீசுக்குத் திறந்திருக்கும் கதவின் மறுபக்கத்தில் நீதிமன்றத்தின் பூட்டு.

நியாய சன்ஹிதாவுக்கு வெளியே இருக்கும் சட்டங்களுக்கு அட்டவணையின் இரண்டாம் பகுதி பொதுவாக ஒரு விதி வைத்திருக்கிறது. மூன்றாண்டும் அதற்கு மேலும் தண்டனை என்றால் காக்னிசபிள்; மூன்றாண்டுக்குக் குறைவு என்றால் நான்-காக்னிசபிள். தெளிவாகத்தானே இருக்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில், பாட்டையோ சாஃப்ட்வேரையோ திருடிப் பிரதி எடுத்தவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல், மூன்றாண்டு வரை நீளக்கூடிய சிறை என்று இருக்கிறது. மூன்றாண்டு வரை என்பது மூன்றாண்டுக்குக் குறைவா, மூன்றாண்டேதானா? உயர் நீதிமன்றங்கள் இரு பக்கமும் தீர்ப்புச் சொல்லி, விவகாரம் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சரியாக மூன்றாண்டு தண்டனை கொடுக்க வழி இருக்கிற குற்றம் ‘குறைவு’ என்ற வரிக்குள் வராது. ஆகவே காக்னிசபிள், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது. திருட்டு சி.டி. கடையில் போலீஸ் நேராக நுழையலாமா என்ற கேள்வி, ஒரு நாள் கூட்டலா குறைத்தலா என்கிற கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக, அட்டவணைக்கு 2023-ல் வந்துசேர்ந்த புது விருந்தாளி. திருட்டு அதுவரை எப்போதுமே காக்னிசபிள்தான். நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு அதில் ஒரு கிளை பிரித்தது. திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவையாகத் தண்டனை பெறுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறை இல்லை. சமூக சேவை மட்டும். இந்தக் கிளைக்கு எதிரே நான்-காக்னிசபிள், ஜாமீன் உரிமை உண்டு என்று அட்டவணை சொல்கிறது. நோக்கம் நல்லதுதான், பசிக்குத் திருடியவனைச் சிறையில் போட்டுத் தேர்ந்த திருடனாக்க வேண்டாம் என்கிற எண்ணம். ஆனால் முதல் தடவை தண்டனை பெறுகிறாரா, பொருளைத் திருப்பினாரா என்பவை வழக்கின் கடைசியில் தெரிகிற சங்கதிகள். காக்னிசபிளா இல்லையா என்பதையோ ஸ்டேஷனில் முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய போன் திருடுபோனால், பில் இருக்கிறதா, இரண்டு வருஷம் பழசான போனுக்கு இன்று என்ன மதிப்பு என்பதெல்லாம் எஃப்.ஐ.ஆருக்கு முந்தைய கேள்விகளாகிவிடுகின்றன.

இதில் பொதுமக்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணெதிரே நடக்கிற குற்றத்தில் சாதாரணக் குடிமகனும் ஆளைப் பிடிக்கலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவு அனுமதிக்கிறது; பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் அந்தக் குற்றம் காக்னிசபிளாகவும், ஜாமீன் உரிமை இல்லாததாகவும், இரண்டுமாக இருக்க வேண்டும். சந்தைக் கூட்டத்தில் ஒருவர் பையிலிருந்து பர்ஸை உருவுகிறவனின் கையை எட்டிப் பிடிக்கிறார்கள். பர்ஸில் 6,000 ரூபாய் இருந்தால் சட்டம் பிடித்தவர்கள் பக்கம். 600 ரூபாயும் ஒரு பஸ் பாஸும் இருந்தால், பிடித்தது சரியா என்பது அவன் இதற்கு முன்பு திருட்டுக்குத் தண்டனை பெற்றவனா என்பதைப் பொறுத்தது. கூட்டத்துக்குள் அதை யார் யாரிடம் விசாரிப்பது?